எடிசனுக்கு நட்டம் கற்பித்த பாடம்

வெற்றி பெற்றவர்களின் சரித்திரத்தைப் படிக்க எல்லோருக்கும் விருப்பம். தோல்வியின் சரித்திரத்தைப் படிக்க விரும்புவோர் சிலரே. கடை திறக்கும் நாளில் வாழை கட்டி, தோரணம் தூக்கி, நிறைகுடம் வைத்து ஊரை அழைக்கிறோம். அதே கடையைப் பூட்டும் நாளில் ஒருவருக்கும் சொல்லாமல் பின்வாசலால் வெளியேறுகிறோம். ஏன் பூட்ட நேர்ந்தது என்று ஆற அமர இருந்து கணக்குப் பார்ப்பவர் எத்தனை பேர்? காலம் சரியில்லை என்பார் ஒருவர். கண்ணூறு பட்டுவிட்டது என்பார் மற்றொருவர். எனக்கு வியாபாரக் கை இல்லை என்று தம்மையே நொந்துகொள்வார் வேறொருவர்.

இம்மூவருள்ளும் மூன்றாமவர் கூற்றே மிகுந்த கேடு விளைப்பது. மற்றை இருவரும் நாளை காலம் மாறும் என்றாவது நம்புவர். இவரோ, திறமை என்பது பிறக்கும்போதே படியளந்து கொடுக்கப்பட்டது, தமக்கு அளந்தது இவ்வளவே என்று முடிவுசெய்து, முயற்சிக்கே பூட்டுப் போட்டுவிடுகிறார். உண்மை அதுவன்று. திறமை நெற்பயிர் போன்றது. விதை மட்டும் இருந்தாற் போதாது. நீர் பாய்ச்சிக் களை பிடுங்குகிறவன் வயலிலேதான் அது வளரும். களை எது என்று காட்டித் தருவது பெரும்பாலும் தோல்வியே. ஆனால் தோல்வி தானாக வாய் திறவாது. கேட்பவனுக்கே அது பாடஞ் சொல்லும்.

இதற்குச் சான்றாக ஒருவர் வாழ்வை இங்கே நோக்குவோம். அவர் தோமஸ் அல்வா எடிசன். மின்விளக்கையும் பேசும் பெட்டியையும் உலகுக்குத் தந்த விஞ்ஞானியாகவே பாடசாலையில் அவரைப் பற்றிப் படித்தோம். அவர் ஒரு வியாபாரியுமாவார். அதுவும் பெருநட்டம் கண்ட வியாபாரி. நட்டத்திடம் கேட்டுக் கற்ற இடங்களும் அவர் வாழ்வில் உண்டு. கேளாமற் செவியை மூடிக்கொண்ட இடங்களும் உண்டு. இரண்டையும் ஒருங்கே நோக்கினாலன்றி அச்சரித்திரம் நமக்கு முழுப்பயன் தராது.

பிறப்பும் இளமையும்

எடிசன் 1847ஆம் ஆண்டு பெப்ரவரி 11ஆந் திகதி, அமெரிக்காவில் ஒகையோ மாகாணத்து மிலான் என்னும் சிற்றூரிற் பிறந்தார். கால்வாய் வழியாக நடந்த தானிய வியாபாரத்தாற் செழித்திருந்த ஊர் அது. புகையிரதப் பாதை அவ்வூரை விலகிச் சென்றதும் அதன் வாழ்வு மங்கியது. எடிசனுக்கு ஏழு வயதானபோது குடும்பத்தார் மிச்சிகன் மாகாணத்துப் போர்ட் ஹியூரன் நகருக்குக் குடிபெயர்ந்தனர். புதிய வழி ஒன்று திறந்ததும் பழைய வழியை நம்பியிருந்தோர் கதி என்னாகும் என்பதற்கு அவர் பிறந்த ஊரே சாட்சியாய் நின்றது.

பாடசாலையில் அவர் படித்தது சொற்ப காலமே. அன்னையாரே வீட்டில் இருத்திப் படிப்பித்தார். சிறு வயதிலேயே காது மந்தமாயிற்று. 12ஆவது வயதில், போர்ட் ஹியூரனுக்கும் டெற்றோயிட்டுக்கும் இடையே ஓடிய புகையிரதத்தில் பத்திரிகையும் தின்பண்டமும் விற்கும் பையனாகச் சேர்ந்தார்.

1862ஆம் ஆண்டு ஏப்ரிலில், அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது, சைலோ என்னுமிடத்தில் பெருஞ்சமர் மூண்டது. செய்தி அறிய மக்கள் துடிப்பார்கள் என்பதைப் பதினைந்து வயதுப் பையன் உணர்ந்தான். வழியிலுள்ள நிலையங்களுக்குத் தந்தி மூலம் முன்கூட்டியே தலைப்புச் செய்தியை அனுப்பி அறிவிப்புப் பலகைகளில் எழுதுவித்தான். நாளாந்தம் விற்பதிலும் பன்மடங்கு அதிகமாக, 1000 பிரதிகளைக் கடனுக்குப் பெற்று வண்டியேறினான். நிலையங்கள்தோறும் சனம் முண்டியடித்தது. விலையை ஏற்றியும் அத்தனையும் விற்றுத் தீர்ந்தன. வாங்குவோன் மனத்தை அறிவதே வியாபாரத்தின் முதற் படி என்பதை அன்று எடிசன் தம்மையறியாமலே செய்து காட்டினார். ஆனால் அறியாமற் செய்தது நிலைத்த அறிவாகாது. அதை அறிவாக்க ஒரு தோல்வி வேண்டியிருந்தது.

விலைபோகாத பொறி

தந்தி வேலை பழகிய எடிசன், ஊர் ஊராக உழைத்து 1868இல் பொஸ்ரன் நகரை அடைந்தார். அங்கே அவர் ஆக்கியது சட்டசபைகளுக்கான வாக்குப் பதிவுப் பொறி. உறுப்பினர் தம் ஆசனத்திலிருந்தே ஒரு விசையை அசைத்தால் போதும். ஆம் என்றும் இல்லை என்றும் வாக்குகள் நொடியிற் பதிவாகிவிடும். 1869ஆம் ஆண்டு ஜூன் 1ஆந் திகதி அதற்குப் புனைவுரிமை கிடைத்தது. அவர் பெற்ற முதலாவது புனைவுரிமை அதுவே.

பொறி பழுதில்லாமல் ஓடியது. ஆனால் வாங்குவார் இல்லை. காரணத்தை வோஷிங்டனிற் கேட்டறிந்தபோது அவர் திகைத்துப்போனார். சட்டசபையிற் சிறுபான்மைக் கட்சிக்கு வாக்கெடுப்பின் தாமதமே ஆயுதம். பெயர் கூப்பிட்டு வாக்கெடுக்கும் அந்த நேரத்தில்தான் அவர்கள் ஆள் சேர்ப்பதும் மனம் மாற்றுவதும். அந்நேரத்தை மிச்சம் பிடிக்கும் பொறியை அவர்கள் எப்படி விரும்புவர்?

இருபத்திரண்டு வயது வாலிபன் இங்கே இரண்டில் ஒன்றைச் செய்திருக்கலாம். அரசியல்வாதிகளைத் திட்டியிருக்கலாம், அல்லது தான் விஞ்ஞானத்துக்கு ஏற்றவன் அல்லன் என்று சோர்ந்திருக்கலாம். எடிசன் இரண்டையும் செய்யவில்லை. பொறியிற் பிழையில்லை, கேள்வியிற் பிழை என்று கண்டார். இதை ஆக்க முடியுமா என்று மட்டும் கேட்டிருந்தார். இது யாருக்கு வேண்டும் என்று கேட்டிருக்கவில்லை. இனி யாரும் விரும்பி வாங்காத பொருளில் காலத்தைச் செலவிடுவதில்லை என்று தீர்மானித்தார்.

அதே ஆண்டில் கையிற் காசில்லாமல் நியூயோர்க்கிற் கால்வைத்தவர், தங்கத்தின் விலையையும் பங்குகளின் விலையையும் உடனுக்குடன் அறிவிக்கும் தந்திப் பொறிகளைத் திருத்தியமைத்தார். அவற்றை வாங்க வியாபாரிகள் காத்திருந்தனர். அதிற் கிடைத்த பொருளே அவருடைய தொழிற்சாலைகளுக்கு முதலாயிற்று.

விளக்கும் மூங்கிலும்

1876இல் நியூ ஜேர்சி மாகாணத்து மென்லோ பார்க்கில் ஆராய்ச்சிசாலை எழுந்தது. 1877இல் பேசும் பெட்டி பிறந்தது. 1879இல் கரியாக்கிய நூலிழை பல மணி நேரம் ஒளிவிட்டது. நூலிலும் நீடித்து எரியும் இழை வேண்டுமென்று அவர் பல தாவரங்களின் நாரைச் சோதித்து, முடிவில் மூங்கிலைத் தேர்ந்தார். அதிலும் சிறந்த மூங்கில் உண்டா என்று தேட உலகெங்கும் ஆட்கள் சென்றனர். அவர்களுள் ஒருவர் ஜேம்ஸ் றிக்கல்ற்றன் என்னும் பாடசாலை ஆசிரியர். 1888இல் புறப்பட்ட அவர் நம் இலங்கைத் தீவிலும் மூங்கில் தேடி அலைந்து, பின் இந்தியா, பர்மா முதலிய நாடுகளுக்கும் போய், ஓராண்டு கழித்துத் திரும்பினார். அதற்குள் ஆராய்ச்சிசாலையிற் செயற்கை இழை வந்துவிட்டது. மூங்கிலின் காலம் முடிந்தது. செலவழித்தோமே என்பதற்காக எடிசன் மூங்கிலைக் கட்டிப்பிடித்திருக்கவில்லை. போன பணத்துக்கு அழுது, வரும் பணத்தையும் அதன்பின்னே அனுப்புவது வியாபாரிகள் பலரைக் கெடுக்கும் வழக்கம். இவ்விடயத்தில் அவர் அவ்வழக்கத்துக்கு ஆளாகவில்லை.

மற்றொரு விடயத்திலோ ஆளானார்.

செருக்கு மறைத்த கண்

1882ஆம் ஆண்டு செப்டெம்பர் 4ஆந் திகதி நியூயோர்க்கின் பேர்ல் வீதியில் எடிசனுடைய மின்னிலையம் இயங்கத் தொடங்கியது. அது தந்தது நேரோட்ட மின்சாரம். அதனை ஒரு மைல் தூரத்துக்கு மேற் கொண்டுசெல்வது அரிது. தடித்த செப்புக் கம்பி வேண்டும், செலவு ஏறும். ஆடலோட்ட மின்சாரத்துக்கு இக்குறை இல்லை. நிலைமாற்றியின் துணையால் அழுத்தத்தை உயர்த்தி, மெல்லிய கம்பியில் நெடுந்தூரம் அனுப்பி, வீட்டு வாசலில் மீண்டும் தாழ்த்திக்கொள்ளலாம்.

அங்கேரி நாட்டுப் பொறியியலாளர் ஆக்கிய நிலைமாற்றியின் உரிமையை வாங்கும் வாய்ப்பு எடிசனுடைய கொம்பனியின் கைக்கே வந்தது. எடிசன் அதனைப் பயன்படுத்த இசையவில்லை. 1886 முதல் ஜோர்ஜ் வெஸ்ரிங்கவுஸ் ஆடலோட்டத்தைக் கொண்டு ஊர் ஊராக ஒளியேற்றத் தொடங்கினார். எடிசன் தம் முறையைத் திருத்துவதை விட்டு, மாற்றான் முறை உயிருக்கு ஆபத்து என்று பிரசாரம் செய்தார். உயர் அழுத்தம் ஆபத்தானதே. ஆனால் ஆபத்தை அடக்கும் வழியை மற்றவர்கள் கண்டுகொண்டிருந்தார்கள்.

1892இல் அவருடைய கொம்பனி வேறொரு கொம்பனியோடு இணைக்கப்பட்டு ஜெனரல் எலெக்றிக் ஆயிற்று. முன்பு பெயர்ப்பலகையிலிருந்த எடிசன் என்னும் சொல் நீக்கப்பட்டது. தாம் வளர்த்த பிள்ளை தம் பெயரைத் துறந்து போனதைக் கண்டு அவர் மனம் புண்பட்டது.

வாக்குப் பொறியின் தோல்வியில் திறந்த கண் இங்கே ஏன் மூடியது? அன்று அவர் பெயரற்ற வாலிபர், இழக்க மானமில்லை. இன்று உலகம் போற்றும் மேதை. பிழை என்று ஒப்பினால் பெருமை குறையும் என்ற அச்சம் வெற்றி பெற்றவனுக்கே அதிகம். தோல்வியிற் கற்பதைத் தடுப்பது அறியாமை மட்டுமன்று. முன்னைய வெற்றியும் தடுக்கும்.

மலையை அரைத்த கதை

மின்சாரத் தொழிலில் மனக்கசப்படைந்த எடிசன், தம் கவனத்தையும் பங்குகளை விற்ற பணத்தையும் வேறொரு பெருந்தொழிலிற் போட்டார். அமெரிக்காவின் கிழக்குக் கரையிலிருந்த உருக்காலைகளுக்கு நல்ல இரும்புத்தாது அருகிப்போயிருந்தது. நியூ ஜேர்சி மலைகளிலோ இரும்புச் சத்துக் குறைந்த பாறை மலைமலையாய்க் கிடந்தது. பாறையைப் பொடியாக்கி, அப்பொடியைக் காந்தங்களின் முன்னே விழவிட்டால், இரும்பு ஒரு பக்கமும் மணல் மறுபக்கமும் பிரியும். ஒக்டன்ஸ்பேர்க் என்னும் ஊருக்கு அண்மையில் இந்த யோசனை பேராலையாக உருவெடுத்தது.

ஐந்தாறு தொன் எடையுள்ள பாறைகளை விழுங்கி நொறுக்கும் இராட்சத உருளைகளை எடிசன் அமைத்தார். பாறை வெடித்து விழுவது தொடங்கிக் கட்டியாகி வண்டியேறும் வரை பெரும்பாலும் ஓடும் பட்டைகளே பொருளைச் சுமந்தன. இடையூறுகள் ஒன்றன்பின் ஒன்றாய் எழுந்தன. உருளைகள் உடைந்தன. தூசி பொறிகளுட் புகுந்து தேய்த்தது. பிரித்தெடுத்த இரும்புப் பொடியை ஊதுலைகள் ஏற்கவில்லை; ஊதும் காற்றிற் பொடி பறந்துவிடும். ஆகவே பொடியைக் கட்டிகளாகப் பிடித்துச் சுட வேண்டியதாயிற்று. அக்கட்டி உலையின் வாயு உட்புகத்தக்க துளைகளும் உடையதாய், மழைநீர் ஊறாததாயும் இருத்தல் வேண்டும். அதற்கேற்ற பசையைத் தேடவே நெடுங்காலம் சென்றது. ஆலையைப் பல தடவை பிரித்துக் கட்டினார். கிழமை முழுவதும் மலையிலே தொழிலாளரோடு கிடந்து, ஞாயிறு மாத்திரம் வீடு சென்று வந்தார். இவ்வாறு ஏறத்தாழப் பத்தாண்டுகள் கழிந்தன.

கட்டி சரியாக வந்தது. வாங்கவும் ஓர் உருக்காலை முன்வந்தது. ஆனால் அந்த ஆண்டுகளில் நூற்றுக்கணக்கான மைலுக்கு அப்பால், மினசோட்டா மாகாணத்து மெசாபி மலைத்தொடரில் வளம்மிக்க இரும்புத்தாது கண்டுபிடிக்கப்பட்டிருந்தது. அது நிலத்தின் மேற்பரப்பிலேயே கிடந்தது. பாறை பிளக்க வேண்டியதில்லை, நீராவி அகழ்பொறியால் அள்ளிக் கப்பலேற்றிப் பேரேரிகள் வழியே மலிவாய் அனுப்பலாம். தாதின் விலை சரிந்தது. எடிசனின் கட்டி எவ்வளவு சிறந்ததாயினும் அந்த விலைக்குக் கொடுக்க இயலாது. கூலியையும் கரியையும் கணக்கிட்டுப் பார்த்தார். ஆலையை மூடுவதைத் தவிர வழியில்லை என்று கணக்குச் சொல்லிற்று. நூற்றாண்டு முடியுந் தறுவாயில் ஆலை அடங்கியது. போனது 20 இலட்சம் டொலருக்கு மேல். அக்காலத்தில் அது பெருஞ் செல்வம்.

இங்கே நாம் சற்று நிற்க வேண்டும். வாக்குப் பொறியில் எடிசன் கற்ற பாடம் என்ன? ஆக்க முடியுமா என்பதோடு, யாருக்கு வேண்டும் என்றும் கேள் என்பதன்றோ? மலைமேல் அவர் ஆலைக்குள்ளே எழுந்த வினாக்கள் அனைத்துக்கும் விடை கண்டார். ஆலைக்கு வெளியே சந்தை எங்கே போகிறது என்பதைக் காலத்தோடு கேட்கவில்லை. அவர் பிறந்த ஊரைப் புகையிரதம் ஒதுக்கியதுபோல, அவருடைய ஆலையை மெசாபி ஒதுக்கியது. ஒருமுறை கற்ற பாடம் ஆயுள் முழுவதும் நிற்கும் என்று எண்ணுவது பிழை. பாத்திரம் துலக்குவதுபோல அதனை அடிக்கடி துலக்க வேண்டும்.

நட்டத்துட் கிடந்த முதல்

ஆலை மூடிய பின் எடிசன் செய்ததுதான் வாலிபர்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டியது. நட்டக் கணக்கின் ஒரு பக்கத்திற் போனது இவ்வளவு என்று எழுதியவர், மறுபக்கத்தில் எஞ்சியது என்ன என்றும் எழுதினார். பணம் போயிற்று. ஆனால் பெரும் பாறையை மலிவாய் நொறுக்கும் வித்தை போகவில்லை. நுண்பொடி அரைக்கும் வித்தை போகவில்லை. மலையளவு பொருளைக் கைபடாமற் கொண்டுசெல்லும் வித்தையும், அதில் தேர்ந்த தொழிலாளரும் போகவில்லை. இவ்வித்தை வேறு யாருக்குப் பயன்படும்?

விடை அவர் ஆலையின் குப்பையிலேயே இருந்தது. இரும்பு நீங்கிய மணலைச் சீமெந்துத் தொழிலார் விலைகொடுத்து வாங்கியிருந்தனர். அமெரிக்காவிற் சீமெந்தின் தேவை அப்பொழுது பெருகிக்கொண்டிருந்தது. சீமெந்துத் தொழிலென்பதும் கல்லை நொறுக்கி, அரைத்து, சுட்டு, மறுபடி அரைப்பதே. 1899இல் எடிசன் போர்ட்லன்ட் சீமெந்துக் கொம்பனி தோன்றியது. ஆலைக்கு நியூ ஜேர்சியின் ஸ்ருவேட்ஸ்வில் பகுதி தெரிவாயிற்று. அக்காலத்துச் சுழலும் சூளைகள் ஏறக்குறைய 60 அடி நீளமுடையவை. எடிசன் 150 அடியிற் சூளை அமைத்தார். நீளம் கூடினால் கல் நெடுநேரம் சூடேறும். அதே கரியில் அதிகம் வேகும். தொழிலறிந்தோர் முதலிற் சிரித்தனர். பின்னர் அவர்களே நீண்ட சூளைகளை அமைத்தனர்.

இதுவும் மலர்ப்பாதையாய் இருக்கவில்லை. 1903இல் கரி அரைக்கும் பகுதியில் வெடிவிபத்து நேர்ந்து தொழிலாளர் சிலர் உயிரிழந்தனர். ஒருவர் படிக்கும் பாடத்துக்கு வேறொருவர் உயிர் விலையாவது மிகக் கொடிது. முதலாளியாக விரும்பும் எவரும் இதை மறத்தலாகாது. மேலும், அக்கொம்பனி பணத்தைக் கொட்டிக் கொடுக்கவுமில்லை. கடன் சுமையிற் பலகாலம் தத்தளித்தது. ஆனால் தொழில் நிலைத்தது. 1923இல் நியூயோர்க்கில் திறக்கப்பட்ட யாங்கி விளையாட்டரங்கு எடிசன் சீமெந்தால் எழுந்தது. இரும்பு தராத மலை, சீமெந்துக்கு வழி காட்டியது.

திருப்பி வாங்கிய பற்றரி

அதே 1899இல் எடிசன் மின்சேமிப்புப் பற்றரியிலும் கைவைத்தார். அக்காலப் பற்றரிகள் ஈயமும் அமிலமும் கொண்டவை, பாரமானவை, அமிலம் உள்ளுறுப்புகளை அரித்துவிடும். அமிலத்துக்குப் பதில் காரத்தையும், ஈயத்துக்குப் பதில் நிக்கலையும் இரும்பையும் வைத்து அவர் புதுப் பற்றரி செய்தார். மின்சாரத்தால் ஓடும் மோட்டார் வண்டிகளுக்கு அது ஏற்றதென்று பத்திரிகைகள் முழங்கின. வாங்குவோர் வரிசையில் நின்றனர். விற்பனையும் தொடங்கியது.

சில காலத்துக்குள் முறைப்பாடுகள் வந்தன. சில பற்றரிகள் கசிந்தன. சில வலுவிழந்தன. எல்லாம் அல்ல, பெரும்பாலானவை ஓடிக்கொண்டுதான் இருந்தன. வாங்குவோர் இருக்க விற்பனையை நிறுத்த எந்த வியாபாரிக்கு மனம் வரும்? எடிசன் 1904இல் உற்பத்தியை நிறுத்தினார். பழுதானவற்றைத் திருப்பி வாங்கினார். பேசும் பெட்டியில் வந்த இலாபத்தை இதிற் கொட்டி, பழுதான பற்றரிகளை அறுத்து ஆராய்ந்து, ஆயிரக்கணக்கான சோதனைகள் நடத்தி, மேலும் ஐந்தாண்டுகள் உழைத்தார். 1909இற் புதிய பற்றரி உருவாகியது.

அதற்குள் உலகம் மறுபடி மாறியிருந்தது. ஹென்றி போர்ட் 1908இல் வெளியிட்ட மலிவான பெற்றோல் கார் வீதிகளைக் கைப்பற்றத் தொடங்கியிருந்தது. மின்சார வண்டிச் சந்தை சுருங்கியது. இம்முறை எடிசன் கண்ணை மூடவில்லை. இந்தப் பற்றரியின் குணம் உறுதியும் நீடித்த உழைப்பும். அக்குணம் வேண்டுவோர் யார் என்று தேடினார். புகையிரதச் சைகை விளக்குகள், புகையிரதப் பெட்டிகளின் விளக்குகள், சுரங்கத் தொழிலாளர் தலையில் அணியும் விளக்குகள் ஆகியவற்றுக்கு அது உகந்ததாயிற்று. அவருடைய முதுமைக் காலத்தில் மிகுந்த இலாபம் தந்த பொருள்களுள் அதுவும் ஒன்று. எண்ணிய இடத்தில் அது விலைபோகவில்லை; எண்ணாத இடத்தில் விலைபோயிற்று.

தீயும் மறுநாளும்

1914ஆம் ஆண்டு டிசம்பர் 9ஆந் திகதி மாலை, வெஸ்ற் ஒறேஞ்சிலிருந்த அவருடைய தொழிற்சாலையிற் சினிமாச் சுருள் இருந்த கட்டிடத்திலே தீப்பற்றியது. பல கட்டிடங்கள் எரிந்தன. கொங்கிறீற்றுக் கட்டிடம் எரியாது என்று நம்பியிருந்ததால் காப்புறுதியும் போதியதாய் இல்லை. சுவர்கள் பெரும்பாலும் நின்றன; உள்ளிருந்த பொருள்களே விறகாகி, கட்டிடம் சூளையாயிற்று. சுவரை நம்பியவர் உள்ளிருந்த பொருளை எண்ண மறந்தார். அப்பொழுது அவருக்கு வயது 67. மறுநாளே சாம்பலை அகற்றும் வேலை தொடங்கியது. நண்பர் போர்ட் கடனுதவினார். சில கிழமைகளுள் இசைத்தட்டுகள் மறுபடி வெளிவந்தன.

கேட்க மறுத்த செவி

இத்துணை கற்றவர் இறுதியில் மறுபடி சறுக்கினார் என்பதையும் மறைத்தலாகாது. பேசும் பெட்டி அவருடைய செல்லப்பிள்ளை. மற்றவர்கள் தட்டுகளுக்கு மாறிப் பல ஆண்டுகள் கழிந்த பின்னரே அவர் உருளையை விட்டுத் தட்டுக்கு வந்தார். தட்டுக்கு வந்தும், பிறர் பெட்டிகளில் ஓடாத தட்டாகவே செய்தார். எந்தப் பாடகரின் குரலைப் பதிவது என்பதைக் காது மந்தமான அவரே தீர்மானித்தார். மக்கள் பாடகரின் பெயர் கேட்டு வாங்கிய காலத்தில், தொடக்கத்தில் அவருடைய தட்டுகளிற் பாடகர் பெயரையே அச்சிடவில்லை. வானொலி வந்தது. புதல்வர்கள் அத்தொழிலில் இறங்குவோம் என்று வற்புறுத்தினர். தந்தையார் நெடுநாள் இணங்கவில்லை. இணங்கியபோது காலம் கடந்துவிட்டது. 1929இல் இசைத்தட்டுத் தொழில் மூடப்பட்டது. தாமே தோற்றுவித்த தொழிலிலிருந்து அவர் வெளியேறினார்.

1931ஆம் ஆண்டு ஒக்டோபர் 18ஆந் திகதி, 84ஆவது வயதில் எடிசன் காலமானார். அமெரிக்காவில் மட்டும் அவர் பெற்ற புனைவுரிமைகள் 1093. அவரும் அவருடைய உதவியாளரும் எழுதிய குறிப்பேடுகள் ஆயிரக்கணக்கில் எஞ்சியுள்ளன. பலித்த சோதனைகளோடு பலியாதவையும் திகதியிட்டு அவற்றிற் பதியப்பட்டுள்ளன.

நாம் கொள்ளத்தக்கவை

வாலிப அன்பர்களே, எடிசனின் செல்வமும் மேதையும் நமக்கு வாய்க்காமலிருக்கலாம். 20 இலட்சம் டொலரை மலையில் இட்டும் எழுந்து நிற்க அவருக்கு வேறு தொழில்கள் கைகொடுத்தன. நம்மிற் பலருக்கு ஒரு கடையே குடும்பத்தின் உலை. ஆகையால், தாயாரின் தாலிக்கொடியை அடகுவைத்துப் பெரிய தோல்வியைப் பரீட்சித்துப் பார்ப்பது வீரமன்று. தாங்கக்கூடிய அளவிற் சிறிதாய்த் தொடங்கி, சிறிய பிழைகளைச் சிறிதாயிருக்கும்போதே கண்டுகொள்வதே நமக்கேற்ற வழி.

ஆனால் அவர் வைத்த கணக்கை நாமும் வைக்கலாம். வரவு செலவுக் கொப்பிக்குப் பக்கத்தில் இன்னொரு கொப்பி இருக்கட்டும். எந்தச் சரக்குத் தேங்கியது, எந்த மாதம் கடன் ஏறியது, எந்த வாடிக்கையாளர் வராது போனார், ஏன் போனார் என்பன அதில் ஏறட்டும். போனதை எழுதியபின், அந்த அநுபவத்தில் நமக்கு எஞ்சிய வித்தை என்ன என்றும் ஒரு வரி எழுதுவோம். அந்த ஒரு வரியே அடுத்த தொழிலின் முதல்.

பெரியோர்களிடமும் ஒரு விண்ணப்பம். நட்டப்பட்டு வீடு திரும்பும் பிள்ளையை, உனக்கு இது வராது என்று சொல்லி உட்காரவைத்துவிடாதீர்கள். என்ன கற்றாய் என்று கேளுங்கள். நீங்கள் உங்கள் காலத்தில் இழந்ததையும் அதனாற் கற்றதையும் மறைக்காமற் சொல்லிக் கொடுங்கள். இலாபக் கதைகளை ஊரே சொல்லும். நட்டக் கதைகளை வீட்டார்தாம் சொல்ல வேண்டும்.

பட்டறிவு என்று தமிழிற் கூறுகிறோம். பட்டால் மட்டும் அறிவு வந்துவிடாது. பட்டதை நினைந்து பார்த்தால்தான் வரும். எடிசன் நினைந்து பார்த்தபோதெல்லாம் வளர்ந்தார். செருக்கினால் நினைக்க மறுத்தபோதெல்லாம் தேய்ந்தார். வளர்வதும் தேய்வதும் ஒரே மனிதரிடத்தில் நிகழ்ந்தன என்பதை நாம் மறவாதிருப்போமாக.